அவருக்காக விட்டுவைத்த தொட்டி

அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும், எந்த வீட்டுக் கதவு மழைக்கு ஊதிக்கொண்டு மூடமாட்டேன் என்று அடம்பிடித்தாலும், ஜனங்கள் முதலில் போய் நிற்பது ஸ்பேனர் அக்கா வீட்டு வாசலில்தான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். பத்தொன்பது வருடமாக ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. எந்தத் திருகாணி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று முதலாளியே அவளைத்தான் கேட்பார். நாலு ஆணி வேண்டும் என்று வருகிறவரிடம் எந்தச் சுவர், என்ன மாட்டப்போகிறீர்கள், எவ்வளவு கனம் என்று விசாரணை நடத்தாமல் கொடுக்கமாட்டாள். படமே வேண்டாம், சுவர் சும்மாவே இருக்கட்டும் என்று திரும்பிப்போனவர்களும் உண்டு.

இவளுக்கு ஒரு புருஷன் இருக்கிறார் என்பதே தெருவில் பாதிப் பேருக்குச் சந்தேகம். இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் இருப்பார். மிச்ச மூன்று மாதத்தில் பாதி அடுத்த கப்பலுக்கான காகிதங்களோடு அலைவதில் போய்விடும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஏழு வருடம் தேறினால் அதிகம். ஒரே ஒரு தடவை அவள் இதைக் கூட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆரம்பத்தில் வேறு வழியில்லாமல் போனார். அப்புறம் மகள் படிப்புக்காகப் போனார். மகள் படித்து முடித்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள்; மனிதர் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தார். இதுதான் கடைசிக் கப்பல் என்று இதுவரை நாலு தடவை சொல்லியாகிவிட்டது. அவளும் நாலு தடவை தலையாட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அவர் கூப்பிடுவார். அன்று என்ன சமைத்தேன், அலையில் எந்தப் பாத்திரம் கவிழ்ந்தது, கேப்டன் எதை ஒதுக்கிவைத்தார் என்று அவர் சொல்வார். அவள் அந்த வாரம் வீட்டில் எதைச் சரிசெய்தாள் என்று சொல்வாள். பின்கதவுத் தாழ்ப்பாளை மாற்றிவிட்டேன். மாடிப்படி மூன்றாவது பலகை இனிமேல் கீச்சிடாது. மழைத்தண்ணீர் இறங்கிய இடத்தை அடைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அவர், அப்படியா, நல்லது என்பார். அவர் குரல் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும், பிறகு போய்விடும். போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதைச் சரிசெய்யலாம் என்று வீட்டைச் சுற்றிவருவாள். பரிசு வாங்கக் கடைக்குப் போகிறவள் மாதிரி.

ஏக்கம், கீக்கம் என்றெல்லாம் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அழுத்தக்காரி. ஆனால் இருந்தது, நிறையவே இருந்தது. குளியலறையில் அவர் சவரம் செய்கிற கண்ணாடி அவர் உயரத்துக்கு மாட்டியது. அவள் குள்ளம், அதில் அவளுக்குத் தன் நெற்றி மட்டும்தான் தெரியும். ஊரில் உள்ள கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி இறக்கி மாட்டிக்கொடுக்கிற பெண்பிள்ளை, அந்த ஒன்றை மட்டும் அரை அடி கீழே இறக்கவில்லை. நெற்றியைப் பார்த்தே தலைவாரிக்கொண்டு கடைக்குப் போனாள். இதைப் பற்றி யாராவது கேட்டால் நேரமில்லை என்பாள். நேரமாம்!

இந்தத் தடவை அவர் வருவதற்கு முன்பே விஷயம் சூடாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பொறுப்பாக ஓர் ஆள் தேடினார்கள். மகளின் சிநேகிதி அங்கே நர்ஸ். அவள் சொல்லி, இவர் வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று பேச்சாகியிருந்தது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வேலை. இன்னொரு பக்கம் கப்பல் ஆபீசும் காகிதத்தை அனுப்பிவிட்டது, கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தத் தடவையும் கப்பல் ஏறிவிட்டால் ஆஸ்பத்திரி காத்திருக்காது, அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் கூப்பிடாது. இது அக்காவுக்குத் தெரியும். இரு என்று அவரிடம் சொல்லவேண்டும் என்பதும் தெரியும். இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை எந்த நாக்கால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மகளிடம் போனில் புலம்பினாள். புலம்பல் என்றால் அவள் பாணியில்: உன் அப்பாவுக்கு வீடு பிடிக்கவில்லை, கடல்தான் பிடிக்கிறது, போகட்டும். மகள் ஒன்று சொன்னாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதே. நம்ம வீட்ல அப்பா ஒரு விருந்தாளி. உட்கார வச்சு சாப்பாடு போடுற, அவ்வளவுதான். அவர் கையால செய்யறதுக்கு அங்க என்ன இருக்கு? ஏதாவது ஒரு வேலையையாவது அவருக்குன்னு விட்டு வையேன்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. கூரை ஒழுகினால் அப்பா வருகிற வரைக்கும் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கவா, பெண்ணா பெற்றேன் நான் என்று கடையில் பெயிண்ட் டப்பாக்களிடம் சண்டைபோட்டாள். மூன்றாவது நாள் கோபம் இறங்கியதும், சரி, பார்ப்போமே என்று வீட்டைச் சுற்றிவந்தாள். அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கழன்றது, உடைந்தது, ஒழுகுவது, உரிந்தது என்று ஒன்றுகூட இல்லை. வீடு முழுவதும் அவள் கை.

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. குளியலறைத் தொட்டி.

வீட்டை இவர்களுக்கு விற்றுவிட்டுப் போன கண் டாக்டர் அதையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். வேறு வழி? வார்ப்பிரும்புத் தொட்டி, நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது. மேலே பூசியிருந்த வெள்ளை எனாமல் பல இடங்களில் சில்லுச் சில்லாகப் போய்விட்டது. குழாய்க்கு நேர் கீழே துருக்கோடு ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியிருந்தது. அடிப்பாகம் இரண்டு நாள் சவரம் செய்யாத கன்னம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். சுற்றிலும் வெளிறிய பச்சை டைல்ஸ். அதன்மேல் முன்னொரு காலத்தில் யாரோ ஒரு மகாபுத்திசாலி சுவருக்கு அடிக்கிற பெயிண்டை அடித்துவைத்திருந்தான், அது அப்பளமாக உரிந்து தொங்கியது. இந்த இரண்டையும் அடுத்த வாரம் ஒரு கை பார்ப்பதாகத்தான் அக்கா இருந்தாள். தொட்டிக்கும் டைல்ஸுக்கும் பூசுகிற வெள்ளைப் பூச்சு, அதில் கலக்கவேண்டிய கெட்டிப்படுத்தும் மருந்து, உப்புத்தாள், பட்டி எல்லாம் வாங்கி அலமாரிக்கு அடியில் வைத்தாகிவிட்டது. இதை அவருக்கு விடுவது என்று முடிவுசெய்தாள். பிறந்ததிலிருந்து அவள் எடுத்த முடிவுகளிலேயே கஷ்டமான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

விட்டாளே தவிர, முழுதாகவும் விடவில்லை. தொட்டி ஓரத்தில் இருந்த பழைய சிலிகான் பசையை மட்டும் அவர் வருவதற்கு முந்தின நாள் சுரண்டி எடுத்துவிட்டாள். அது ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் மேலே பூசுகிற பூச்சு அங்கே ஒட்டாமல் விலகி ஓடும், பாவம் மனிதருக்குத் தெரியாது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அத்தோடு சரி, இனிமேல் தொட்டால் ஏன் என்று கேள் என்று மகளிடம் சத்தியம் செய்தாள்.

அவர் வந்தார். முடி இன்னும் கொஞ்சம் கொட்டியிருந்தது. முதல் இரண்டு நாள் வழக்கம்போல் கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார், ரயிலுக்குக் காத்திருப்பதுபோல. விளக்கு சுவிட்ச் எது, விசிறி சுவிட்ச் எது என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். மூன்றாம் நாள் காலையில் தேநீரை வைத்துவிட்டு, அக்கா ஒத்திகை பார்த்துவைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டாள். தொட்டிக்குப் பூச்சு அடிக்கவேண்டும், குனிந்து செய்யலாம் என்றால் முழங்கால் வலி உயிர் போகிறது, ஆள் கூப்பிடலாம் என்று பார்க்கிறேன் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவள் வலி என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"ஆள் எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, இந்தப் பொய்யைப் பத்து வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று அக்காவுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் வேலை நடந்தது. வேலை என்றா சொன்னேன்? கூத்து. உரிந்த பெயிண்டைச் சுரண்டுகிறேன் என்று பாதியைத் தலையில் கொட்டிக்கொண்டார். சில்லுப்போன இடங்களுக்குப் பட்டி வைத்தார், பணியாரத்துக்கு மாவு ஊற்றுகிற கணக்கில். பிறகு உப்புத்தாளை எடுத்துத் தொட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். அக்கா சமையலறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிடும், எந்த இடத்தில் அழுத்தம் பத்தவில்லை, எந்த இடத்தில் ஒரே இடத்தையே போட்டு அறுக்கிறார் என்று. கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததில் தாடை வலித்தது.

ஆனால் ஒன்று. நடுநடுவே அவர் குளியலறையிலிருந்து குரல் கொடுப்பார். ஏம்மா, இதைக் கழுவிட்டு எவ்வளவு நேரம் காயவிடணும்? சின்ன டப்பா மருந்தை மொத்தமா ஊத்தணுமா, பாதியா? அந்த டேப் எங்கே வச்சே? யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளிருந்தே கேள்வி கேட்கிறார், அவள் வீட்டுக்குள்ளிருந்தே பதில் சொல்கிறாள். நடுவில் கடல் இல்லை, கரகரப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தடவை கேட்டது நன்றாகக் காதில் விழுந்தும், என்ன, கேட்கலை என்று வேண்டுமென்றே திருப்பிக் கேட்டாள். அவர் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்ததில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம்கூட உரிக்கவில்லை அப்போது.

இரண்டாம் நாள் மாலையில் முதல் பூச்சை அடித்தார். இந்த மாதிரிப் பூச்சை மெல்லிசாக, அடியில் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை என்று அடிக்கவேண்டும். காய்ந்ததும் தேய்த்துவிட்டு இன்னொரு தடவை அடிக்கவேண்டும். அவர் சமையல்காரர். கேக்குக்கு மேலே கிரீம் பூசிய கை அது. கஞ்சத்தனம் பிடிக்காத கை. ஒரே தடவையில் மொத்தையாக அப்பிவிட்டார். பூச்சு சும்மா நிற்குமா? தொட்டியின் பக்கவாட்டில் கண்ணீர் மாதிரி வழிந்து, பாதி வழியில் சொட்டுச் சொட்டாக நின்று இறுகியது.

வந்து பார் என்று கூப்பிட்டார். அக்கா போய்ப் பார்த்தாள். பதினொரு சொட்டு. வாசலில் நின்றே எண்ணிவிட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, பதினொன்றையும் பார்க்காமல் அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். மூக்கு நுனியில் வெள்ளைப் பூச்சு, காதில் தூசி, இளிப்பு காது வரைக்கும். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குச் சமைக்கவேண்டும் என்று அவராகவே கேட்டார். டைல்ஸுக்கும் நானே அடித்துவிடட்டுமா என்று கேட்டார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை, பசி அடைத்துப் போனதால் இல்லை, நெஞ்சு நிறைந்துபோனதால். காகிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் என்ன முத்தா உதிர்ந்துவிடும்?

மறுநாள் காலையில் அவள் எழுந்து வருவதற்குள் அவர் குளித்து, பக்கத்து வீட்டுக் குழாயில்தான், சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கையில் பை. பைக்குள்ளிருந்து கப்பல் காகிதம் இருந்த பழுப்பு உறை நீட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். ஆக, முடிந்தது. தொட்டி ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். மனிதர் கையெழுத்துப் போடப் போய்விட்டார். இன்னும் ஒன்பது மாதம். அதற்கப்புறம் இன்னொரு ஒன்பது மாதம். வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதிருப்பார்கள். இவளுக்கு அழத் தெரியாது. மனசு கனத்தால் கை வேலை கேட்கும். அப்படியே பழகிப்போன உடம்பு. கடைக்கு இன்றைக்கு வரவில்லை என்று போனில் சொன்னாள். எங்கே போகிறோம் என்று யோசிக்காமலே குளியலறைக்குப் போனாள்.

ஒரே ஒரு சொட்டுதான். குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது, கண்ணை உறுத்தியது. அதை மட்டும் லேசாகத் தேய்த்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நாலு விரல் அகலத்துக்கு உப்புத்தாளைக் கிழித்தாள். அந்தச் சொட்டு போனதும் பக்கத்தில் இருந்த சொட்டு முன்பைவிட அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் தேய்த்தாள். பிறகு பூச்சில் ஒட்டியிருந்த பிரஷ் மயிர் ஒன்று. பிறகு மூலையில் ஒரு மேடு. அரைமணி நேரத்தில் முழங்கால் வலிக்காரி தொட்டிக்குள் இறங்கி மண்டிபோட்டிருந்தாள். ஒன்பது மாதம், ஒன்பது மாதம் என்று தேய்த்தாள். தூசியைத் துடைத்தாள், தின்னரில் ஒரு தடவை துடைத்தாள், மிச்சமிருந்த பூச்சில் மிச்சமிருந்த மருந்தைக் கலந்தாள். மெல்லிசாக, ஒரே சீராக, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும் ரோலரை ஓட்டினாள். கை அவளைக் கேட்கவே இல்லை. வேலை முடிந்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு. தொட்டி பளபளவென்று ஈரத்தோடு மின்னியது. கூரை விளக்கு அதில் அப்படியே தெரிந்தது. ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அவர் கூடத்திலிருந்தே உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். கையில் அவள் வேலைபார்க்கிற கடையின் பை. உங்க முதலாளி பெரிய ஆளுப்பா, அரைமணி நேரம் நிற்க வைத்துப் பாடம் நடத்திவிட்டார் என்றார். காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது தொட்டியில் ஒரே வழிசலாக இருந்ததாம், அவமானமாகப் போய்விட்டதாம், அவளிடம் கேட்டால் சிரிப்பாள் என்று நேராகக் கடைக்கே போய்க் கேட்டாராம். பையிலிருந்து மெல்லிய உப்புத்தாள் இரண்டு, பஞ்சு ரோலர் ஒன்று, பூச்சு டப்பா ஒன்று எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸுக்கும் போயிட்டு வந்துட்டேன். வரலைன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. வீட்ல தொட்டி வேலை பாதியில நிக்குது, என்னால வர முடியாதுன்னேன். எல்லாரும் சிரிக்கிறாங்க."

சிரித்துக்கொண்டே குளியலறைப் பக்கம் வந்தார். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பில்லை அவளுக்கு, அடைத்து என்ன பிரயோசனம்? அவர் அவள் தலைக்கு மேலாக உள்ளே பார்த்தார். அவள் கையைப் பார்த்தார், முழங்கை வரைக்கும் வெள்ளை. சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

"முடிச்சிட்டியா" என்றார். கேள்வியாகக்கூட இல்லை. நன்றாக இருக்கிறது என்றார். நிஜமாகவேதான் சொன்னார், அதுதான் கொடுமை. மடித்த சட்டைக் கையை மெல்ல இறக்கிப் பொத்தானைப் போட்டார். கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார், நுனியில். சாயங்காலம் வரைக்கும் வேறு ஆள் போடமாட்டோம், மனசு மாறினால் கூப்பிடுங்கள் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள் என்றார். போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் கோவத்துல சொல்லலை. நீ கெட்டிக்காரி, எனக்குத் தெரியும். ஆனா இந்த வீட்ல எனக்குன்னு ஒரு ஓட்டையைக்கூட நீ விட்டு வைக்கலியே. வாரா வாரம் நீ ஒண்ணொண்ணா சொல்லுவே, அதை மாத்திட்டேன், இதை அடைச்சிட்டேன்னு. நான் அங்க நின்னு கேட்டுட்டிருப்பேன். சரி, அதுக்கும் நான் வேண்டாம், இதுக்கும் நான் வேண்டாம்னு நினைச்சுப்பேன்."

அக்காவுக்குத் தலையில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் அவள் வாரம் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்த பரிசு அந்தப் பக்கம் இப்படியா போய்ச் சேர்ந்தது? முதலில் வந்தது கோபம்தான். அவளுக்கு எதுவானாலும் முதலில் வருவது அதுதான்.

"நீங்க வர்ற வரைக்கும் ஒழுகட்டும்னு வேடிக்கை பார்க்கவா? யாரு இருந்தா இங்க?" என்றாள். குரல் உயர்ந்து, அப்படியே உடைந்தது. "உங்ககிட்ட சொல்றதுக்காகத்தான் ஒவ்வொண்ணா செஞ்சேன். ஞாயித்துக்கிழமை சொல்றதுக்கு எனக்கு வேற என்ன இருந்துச்சு? தனியா இருக்கேன், வாங்கன்னா சொல்ல முடியும்?"

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

"சொன்னா வந்திருப்பீங்களா?"

அது அவருக்கே தெரியாது, பொய் சொல்லவும் தெரியாத மனிதர். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

அக்கா திரும்பிக் குளியலறைக்குள் போனாள். தொட்டியின் முன்னால் மண்டிபோட்டாள். பத்தொன்பது வருடமாக, ஈரப் பூச்சில் விரல் படுகிற வாடிக்கையாளரை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியவள், இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தொட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள். பிசுக்கென்று ஒட்டியது. அப்படியே குழாய்ப் பக்கத்திலிருந்து இந்தக் கோடி வரைக்கும் இழுத்தாள். பூச்சு சுருண்டு, கிழிந்து, அடியில் அவர் அடித்திருந்த பூச்சு வெளியே தெரிந்தது. பத்து விரலுக்கும் பத்து வாய்க்கால். அடிப்பாகத்தையும் விடவில்லை. செய்யும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது, பெற்ற பிள்ளையை அடிக்கிற மாதிரி. நிறுத்தவில்லை.

அவர் ஓடிவந்து வாசலில் நின்றார். ஏய், ஏய், என்ன பண்றே என்றார். போன் கூடத்திலேயே கிடந்தது.

அவள் மண்டிபோட்ட இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தாள். கையெல்லாம் வெள்ளை, முகத்தைத் துடைத்ததில் முகத்திலும் வெள்ளை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அழத் தெரியாதவள் என்று சொன்னேனே, அது பொய்யாகப் போயிற்று.

"கெட்டுப் போச்சு" என்றாள். "என்னால இதைச் சரிபண்ண முடியாது. போகாதீங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். அவள் பக்கத்தில் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெல்ல முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"இது எப்போ காயும்?" என்று கேட்டார்.

"நாளைக்கு."

"காஞ்சப்புறம்?"

"எல்லாத்தையும் தேய்ச்சு எடுக்கணும். நாலு நாள் ஆகும்."

"அதுக்கப்புறம்?"

"டைல்ஸ் இருக்கு."

"அதுக்கப்புறம்?"

அவள் யோசித்தாள். வீடு முழுவதையும் மனதுக்குள் ஒரு தடவை சுற்றிவந்தாள்.

"அதுக்கப்புறம் எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "நீங்களே சொல்லுங்க."